களப்பைக் கடந்த ஆட்டோ

“களப்புத் தண்ணிக்கு மேலால ஆட்டோ ஓட்டினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான்,” என்றார் செய்னுலாப்தீன். “ரெண்டு டொல்பின் முன்னுக்குப் போய் வழி விட்டுக் குடுத்திச்சு. மூணாவதுக்கு ஹோன் அடிக்க வேண்டி வந்தது.”

பள்ளிவாசல் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சூரையைப் பிடித்தால் சுறா என்று சொல்கிற மனிதர்தான் அவர். ஆனால் இன்றைய விசாரணை விளையாட்டல்ல. நோயாளிகளைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கென்று பள்ளிவாசலுக்குத் தானமாக வக்ஃபு செய்யப்பட்ட ஆட்டோ அது. உப்பள வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செய்னுலாப்தீன் மூன்று வருடமாகச் சம்பளமில்லாமல் அதை ஓட்டுகிறார். வெள்ளத்தில் புத்தளத்துக்குப் போகும் பாலாவி வீதி மூழ்கிய அன்று ஆட்டோ ஊரில் இல்லை. மறுநாள் இயந்திரத்துக்குள் உப்புத்தண்ணீர். யாருக்கோ இறால் பெட்டி ஏற்றக் கொடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் கதை.

முறைப்பாட்டை எழுதியவன் செயலாளர் இன்ஷாப். ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும் என்று நம்பித்தான் எழுதினான்.

“நானா, இது அமானிதம், நம்பி ஒப்படைச்ச சொத்து. சம்பளம் இல்லாட்டியும் நாளைக்கு அல்லாஹ்ட்ட கேள்வி இருக்கு. ஒழுங்காச் சொல்லுங்க,” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

செய்னுலாப்தீன் ஒழுங்காகவே சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டிய ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு மோசம். எந்த நாளும் கொண்டுபோவதாகத் தானே முன்வந்து வாக்குக் கொடுத்திருந்தார். அன்று வீதியே இல்லை. கரையில் வாடி போட்டுத் தங்கியிருந்த சிலாபத்து மீனவர்களின் இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, ஆட்டோவை ஏற்றி, ஆளை உள்ளே இருத்தித் திரையை இறக்கி, களப்பைக் கடந்தார்களாம். ஒவ்வொரு அலையும் தென்னைமர உயரமாம்.

இன்ஷாபின் மனம் ஆடியது. காலையில் ஆட்டோவைப் பார்த்திருந்தான். கம்பிகளில் கயிறு இறுக்கிய தழும்பு தெளிவாக இருந்தது. நிர்வாக சபையின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தலைவர் மிஹ்லார் ஹாஜியார் மட்டும் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நடந்திருக்க ஏலாது. வள்ளம் ஆட்டோவத் தாங்காது. கதைய முடிங்க.”

“அப்ப ஆளச் சொல்லுங்க நானா,” இன்ஷாப் கெஞ்சினான். “வள்ளக்காரரும் ஊருக்குப் போய்ட்டாங்க. ஒரு பேரு போதும்.”

“பேரச் சொல்றல்ல எண்டும் வாக்குக் குடுத்திருக்கன், தம்பி. அவர்ட வீட்டுக்குக் கூடத் தெரியாது. ஒரு வாக்குக்காகக் களப்பக் கடந்தவன், மத்த வாக்கக் கதிரையில இருந்துகொண்டே உடைக்கிறதா?”

இனி இன்ஷாபுக்கு வழியில்லை. வக்ஃபுச் சொத்தைத் தவறாகப் பாவித்தவரின் பெயரை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும். பள்ளிவாசலில் அவருக்கு இனி எந்தப் பொறுப்பும் கிடையாது. அதுதான் சட்டம்.

செய்னுலாப்தீன் சாவியை மேசையில் வைத்தார். கதையளப்பதற்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

“என்ட பேர வாசிங்க, பரவாயில்ல. செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் சாவியத் தாங்க. அந்த மனுசன் எப்படிப் போறது?”

‘அமானிதத்துக்கு மோசடி செய்தார்’ என்று எழுதும்போது இன்ஷாபுக்குக் கை கூசியது. எழுதிய தாளைத் தலைவரின் கையொப்பத்துக்காக முன்னால் தள்ளினான்.

மிஹ்லார் ஹாஜியார் பேனையை எடுத்தார். தாளில் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் பேனை நகரவில்லை. செய்னுலாப்தீன் அவசரமாக முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நடந்தது உண்மை,” என்றார் ஹாஜியார், மணிக்கட்டு வரை மூடியிருந்த சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டியபடி. ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போயிருந்தது கை. “மகள்ட நிக்காஹ் முடியட்டும் எண்டு நோய மறைச்சன். அந்தத் திரைக்குப் பின்னால இருந்தது நான்தான்.”