இன்னொரு படிவம்

"இது பிச்சை இல்ல சார், உங்க உரிமை. முப்பது வருஷம் வரி கட்டியிருக்கீங்களே!" என்றாள் டெலியா.

தேசியச் சேவைத் திட்டத்தின் மேலங்கி அவள் தோளில் மிடுக்காக விளங்கியது. ஓராண்டு மக்களுக்கு உழைத்தால் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. அதற்காகவே மேற்கு வர்ஜீனியாவின் இந்த நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வந்து, உணவு உதவி அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறாள்.

சுரங்கம் மூடப்பட்டு வேலையிழந்த ஹார்லன் பேனாவைத் தொடவில்லை. ஆயுளெல்லாம் மலையைக் குடைந்து நாட்டுக்கு வெளிச்சம் தந்த கை, ஒரு கையெழுத்துக்குக் கூசியது!

"மாசக்கணக்கா வெறும் அவரைக்கொட்டைதான் திங்குறேன். ஆனாலும் கையேந்த மாட்டேன்."

"அட்டை வச்சிருக்கவங்க எல்லாம் மானங்கெட்டவங்களா சார்?"

"உனக்கென்னம்மா, சர்க்கார் மேலங்கிய மாட்டிக்கிட்டு வக்கணையா பேசுவே!" ஹார்லன் சிரித்தார். "எங்களுக்கும் விடிஞ்சிருச்சு. என் மக ஐவி உங்க திட்டத்துலதான் சேர்ந்திருக்கா. திங்கக்கிழமை ஒஹாயோவுக்குக் கிளம்புறா. அவளாவது இனிமே வயிறாரச் சாப்பிடுவா. இந்தக் காகிதம் எங்க குடும்பத்துக்கே வேணாம்."

டெலியா இழுப்பறையைத் திறந்து, அதே விண்ணப்பப் படிவம் இன்னொன்றை எடுத்து அவர்முன் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"ஐவிக்கு. இந்தத் திட்டத்துல தர்ற மாசப்பணம் சாப்பாட்டுக்கே பத்தாது சார். முதல் நாள் மேலங்கியோட சேர்த்து எனக்கும் இதைத்தான் கொடுத்தாங்க."

ஹார்லன் பேனாவை எடுத்தார்.