போயிட்டு வரேன்

முதலாளி பல மாதமாக "அப்புறம்" என்றே தள்ளிப்போட்டு வந்த அப்டேட்டை அன்று ஒருவழியாகத் தன் கையாலேயே கணினியில் ஏற்றினார். ரீஸ்டார்ட் மட்டும்தான் பாக்கி.

"நான் போறேன்டா," என்றது கணினி, பக்கத்திலிருந்த பழைய பிரிண்டரிடம்.

பிரிண்டர் அதட்டியது. "வாயைக் கழுவு! போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னு சொல்லு."

"சரிடா, போயிட்டு வரேன்."

திரை இருண்டது. பிரிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வெகுநேரம் கழித்து வெளிச்சம் வந்ததும், "வந்துட்டியாடா!" என்று கூவி, ஆசையாக ஒரு வெள்ளைத்தாளை நீட்டியது.

கணினி அதை ஏற இறங்கப் பார்த்தது. "மன்னிக்கணும். நீங்க யாரு?"

"புதுசுக்கும் இதுக்கும் ஒத்துவராது போலிருக்கு," என்று முனகியபடி முதலாளி பிரிண்டரின் வயரைப் பிடுங்கப் போனார்.

"அப்ப நான் போறேங்க," என்றது பிரிண்டர்.