சாணை பிடிக்கச் சொன்ன பையன்

"உங்க லேத்துக்குக் கார்பைடு டூல் சரிப்படாதுங்க அங்கிள்! சொன்னாக் கேளுங்க!"

"தம்பி, சத்தம் போடாதீங்க! லேத்து என்னுது!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார் கோபாலசாமி.

அமெரிக்காவின் காப்பெல்லில் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டால் எதிர்வீடு என்ன செய்யும்? காதையா பொத்திக்கொள்ளும்?

கோபாலசாமியின் மகள் வான்மதியைப் பெண் பார்க்க, சான்டா கிளாராவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தான் ரஞ்சித்குமார். ஜாதகம் பொருந்திவிட்டது. ஒரு மாதமாகப் பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெருவுக்கு எட்டவில்லை. அதில் பலருக்கு வருத்தம். இனி அப்பா தலையாட்டினால் தாம்பூலம்.

அப்பாவின் தலையோ லேத்துக்குள் மாட்டியிருந்தது. 2000-ஆம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும் என்று பகலெல்லாம் வங்கிக்கு ஒய்டூகே புரோக்ராம் திருத்துகிற மனுஷர், என்ன தோன்றியதோ, இரும்பு கடைய ஆசைப்பட்டு ஒரு சின்ன லேத்தைக் கராஜில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து விருந்தாளி எவரும் சோபாவைப் பார்த்ததில்லை. லேத்தில் மாட்டி இரும்பை வெட்ட முதல் டூல் எதை வாங்கலாம் என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். முன்பு வந்த ஹூஸ்டன் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "கரெக்டுங்க அங்கிள்" போட்டான். மைசூர்பாகு டப்பாவோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"கார்பைடுன்னா டிப் தேஞ்சாத் திருப்பிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். சாணை பிடிக்கற ரோதனையே இல்ல."

"இந்தச் சின்ன லேத்தோட வேகத்துக்கும் பலத்துக்கும் அது முனை ஒடஞ்சுருமுங்க. ஹைஸ்பீடு ஸ்டீல் நாலு துண்டு, ஒரு கிரைண்டர். அது போதும். நீங்களே சாணை பிடிச்சுப் பழகுங்க."

"எனக்குச் சாணை பிடிக்க வராதுங்கறீங்களா?"

"இப்ப வராதுங்க. பத்துத் தடவை கெடுத்தாத்தான் வரும்."

கோபாலசாமியின் மனைவி வசந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, சம்பளம் கேளுங்க, கிரீன் கார்டு என்னாச்சுன்னு கேளுங்கன்னா, டூலுக்கு மல்லுக்கட்டறீங்களே! தம்பி, நீங்களாச்சும் சரின்னு சொல்லித் தொலைங்க சாமி!"

ரஞ்சித்குமார் நெற்றியைத் துடைத்தான். காபித் தட்டோடு நின்ற வான்மதியை ஒருமுறை பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். பட்டுப்புடவைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ்.

"இல்லீங்க ஆன்ட்டி. பொண்ணு இல்லைன்னாலும் பரவாயில்ல. கார்பைடுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

அடுத்த மைசூர்பாகு டப்பா தயார் என்று எதிர்வீட்டு ஜன்னல் முடிவு கட்டியது.

கோபாலசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வசந்தா, தாம்பூலத் தட்டை எடு" என்றார்.

தை மாதம் கோயமுத்தூரில் கல்யாணம். திரும்பி வந்ததும் சான்டா கிளாராவில் குடித்தனம். வெள்ளிப் பாத்திரத்தோடு லேத்தும் சீராகப் போகட்டும் என்றுவிட்டார் கோபாலசாமி.

லாரியில் ஏற்றுகிற அன்று மாப்பிள்ளை லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, இதை எங்கீங்க ஆன் பண்றது?"

அவன் நகர்ந்ததும் வசந்தாமணி பிடித்துக்கொண்டாள். "அட கடவுளே, லேத்தைத் தொட்டதே இல்லை போலிருக்கு! அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசி உங்களை நல்லா ஏமாத்திட்டாரு!"

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றார் கோபாலசாமி. "காலேஜ்ல லேத்து ஓட்டின நம்ம வான்மதி, ரெண்டு மாசமா எங்கிட்ட இங்கிலீஷ்ல கத்தினதைத்தான் அவன் போன்ல கேட்டு ஒரு வார்த்தை மாறாமத் தமிழ்ல சொன்னான், பெத்த அப்பன் நானே காதுல வாங்காத அவ பேச்சுக்காகப் பொண்ணே வேண்டாம்னு நின்னான் பாரு, அவனை விட்டா வேற எவனுக்குடி குடுக்கறது?"