அறுபத்தாறில் ஐம்பத்துநாலு போக

ராஜபாளையத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காலை வெயில் எடை மெஷின்மேல் சாய்ந்து விழுகிறது. காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளை அதில் நிற்கமாட்டேனென்று வீறிடுகிறது. தளவாய்புரத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்த அம்மா பாண்டிசெல்விக்கோ காலில் மாவுக்கட்டு. "எங்கிட்டத் தாங்க. நான் தூக்கிட்டு ஏறுறேன், பொறவு என் எடையக் கழிச்சிக்கிடலாம்" என்று நர்ஸ் ஜெபராணி வாங்கிக்கொள்கிறாள். பிள்ளை விசும்பி அடங்கி, அவள் கழுத்தில் முகம் புதைத்து, அடையாள அட்டையின் நாடாவை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு எண்கள் ஓடி அறுபத்தாறில் நிற்கின்றன. அவள் இறங்கவில்லை. "எம்புட்டு காட்டுது சிஸ்டர்?" "செத்த இருங்க, இன்னும் நிக்கல" என்கிறாள். சூடான மூச்சு தோளில் படர்கிறது. பிறகு நாடாவிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறுகிறாள். ஐம்பத்துநாலு. கல்யாணமாகி ஆறு வருஷமாக, நாள் தள்ளிப்போகும் மாதங்களில் எல்லாம் யாரும் வருமுன் இதில் ஏறிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையும் கூடியதில்லை. பன்னிரண்டு கிலோ என்று எழுதுகிறாள். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் வீதம் நூற்றெண்பது. சிரிஞ்சை வெளிச்சத்துக்குத் தூக்கி, மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம் உள்ள இளஞ்சிவப்புக் காய்ச்சல் மருந்தை மூன்று புள்ளி ஆறு மில்லி கோட்டில் நிறுத்துகிறாள். "எடை சரியாத்தான இருக்கு சிஸ்டர்?" என்று பாண்டிசெல்வி தயங்கிக் கேட்கிறாள். சரிதான் என்று ஜெபராணிக்குத் தெரியும். சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, "எதுக்கும் இன்னொருக்கப் பாத்துருவோம்" என்று இரண்டு கைகளையும் நீட்டுகிறாள்.