தினம் ஒரு தண்டனை

“சட்டை பட்டன் ஏன் திறந்திருக்கு? சாயந்திரம் வீட்டுக்குப் போகக் கூடாது. லைப்ரரியில உக்காரு!”

காலைக் கூட்டத்தில், மொத்தப் பள்ளிக்கும் கேட்கும்படி தலைமையாசிரியை அதட்டினார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

புதிதாக வந்திருந்த பிசிக்ஸ் சாருக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒருவர்கூடக் காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து, நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணுகிற பள்ளி அது. நம்மால் ஆனதைச் செய்யலாம் என்றுதான் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்த இடத்தில் இப்படி ஒரு ராட்சசி!

அந்தப் பெண் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஆனாலும் தண்டனை அவளுக்குத்தான். ஒருநாள், சிரித்தாள் என்று தண்டனை. மறுநாள், சிரிக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தண்டனை.

பொறுக்க முடியாமல் தலைமையாசிரியையின் அறைக்கே போய்விட்டார்.

“மேடம், அந்தப் பொண்ணை ஏன் இப்படிக் கரிச்சுக் கொட்டறீங்க? பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. வீட்டுக்குப் போய் நாலு கணக்குப் போட்டுப் பார்ப்பா. இருட்டுற வரைக்கும் இங்கேயே அடைச்சு வச்சா எப்படி?”

“ஒழுக்கம் முக்கியம் சார்.”

“ஒரு பட்டன்ல என்ன மேடம் ஒழுக்கம் கெட்டுப் போச்சு?”

“நீங்க பிசிக்ஸைப் பாருங்க. பொண்ணுங்களை நான் பார்த்துக்கறேன்.”

சார் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை ஒரு மீட்டிங்குக்காக வெளியூர் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்திலும், நடந்து வரும்போது செருப்பைத் தேய்த்தாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கொடுக்க மறக்கவில்லை.

சாயந்திரம் மணி அடித்ததும் சார் நேராக லைப்ரரிக்குப் போனார்.

“எழுந்திரும்மா. தண்டனையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வீட்டுக்குக் கிளம்பு.”

“வேண்டாம் சார்... மேடம் திட்டுவாங்க.”

“மேடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். கிளம்பு.”

வாசலில் அவள் மாமா சைக்கிளோடு நின்றிருந்தார். சலவைக் கடை வைத்திருப்பவர். அப்பா அம்மா இல்லாத பெண் அவர் வீட்டில்தான் வளர்கிறாள்.

“இன்னிக்கு என்ன சார் பண்ணித் தொலைச்சா?”

“ஒண்ணும் பண்ணல. தங்கமான பொண்ணு. கூட்டிட்டுப் போங்க.”

“அப்பாடா! ஏறு, ஏறு.”

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சாருக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் வகுப்பில் டெஸ்ட். எப்போதும் முதலில் முடிப்பவள், பாதிக்கு மேல் வெற்றுத் தாளாகவே நீட்டினாள். கண்கள் சிவந்திருந்தன. விரலில் சூடுபட்ட கொப்புளம்.

“என்னம்மா இது? நேத்து சீக்கிரமே அனுப்பி வச்சேனே, படிக்கலையா?”

“எங்கே சார் படிக்கிறது? போனதும் மாமா இஸ்திரிப் பெட்டியைக் கையில குடுத்துட்டார். கடைத் துணி மொத்தத்தையும் தேய்ச்சு முடிச்சப்போ கண்ணைத் திறக்க முடியல.”

“பரீட்சை இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“படிப்புன்னா அரை மணி நேரம்கூட விட மாட்டார் சார். படிச்சுக் கிழிச்சது போதும்பார். தண்டனைன்னா மட்டும், ‘நல்லா அனுபவிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்’னு விட்டுடுவார். அதனாலதான் மேடம்...”

சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க சார். மாமா காதுக்குப் போனா அவ்வளவுதான். லைப்ரரியில பக்கத்துலயே உக்காந்து அவங்கதான் சொல்லித் தருவாங்க.”

சார் அந்த வெற்றுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம், நேற்றுக் கண்ட ருசியில் மாமா முன்னதாகவே வந்து சைக்கிள் மணியை அடித்தார். தலைமையாசிரியை இன்னும் ஊர் திரும்பவில்லை. பெண் பையைத் தூக்கிக்கொண்டு சாரைப் பார்த்தாள்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டிப் பழக்கமில்லை அவருக்கு.

“ஏய், எங்கே கிளம்பிட்டே? போய் லைப்ரரியில உக்காரு! இருட்டுற வரைக்கும் அசையக் கூடாது!”

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நேத்துதானே சார் தங்கமான பொண்ணுன்னீங்க? அதுக்குள்ள என்ன தப்புப் பண்ணினா?”

சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவு தேடியும் ஒரு குறைகூடச் சிக்கவில்லை.

“தப்பே பண்ண மாட்டேங்கறா, அவ்வளவு திமிர்! பரீட்சை முடியற வரைக்கும் தினமும் உக்காரட்டும்!”