வருத்தக்காரி மாதிரி இரும்

"பொட்டைத் துடையும்," என்றார் கிருஷ்ணராசா.

"என்ன?"

"பொட்டை. பெரிசாத் தெரியுது. ஆஸ்பத்திரிக்கு வந்த வருத்தக்காரி மாதிரி இரும்."

சிவமலர் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புருசன் பக்கத்திலை குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை பொட்டை அழிக்கிற முதல் பொம்பிளை நான்தான்."

ஆனாலும் துடைத்தாள். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், தொற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே, பெயர் கூப்பிடும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"உள்ளுக்கை போனதும் எப்பிடி இருக்கிறீர் எண்டு டொக்டர் கேப்பா. முந்தி ஒருக்கால் சொன்ன மாதிரி 'பறவாயில்லை, தாங்ஸ்' எண்டு சிரிக்கக்கூடாது. விளங்குதோ?"

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"உம்மடை மரியாதையாலைதான் மருந்தை நிப்பாட்டினவை."

அதுவும் உண்மைதான். மான் பார்க்கப் போன பூங்காவில் சிவமலரை ஓர் உண்ணி கடித்தது. லைம் நோய் என்று கண்டுபிடிக்கவே ஒரு வருசம் போனது. அதன் பிறகு மருந்துக்கு அலைச்சல். சுகம் என்றால், "நல்லது, இனி மருந்து தேவையில்லை" என்றார்கள். சுகமில்லை என்றால், "அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை, நிறுத்துவோம்" என்றார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்ன புண்ணியவான் இன்றைக்கு இருந்திருந்தால், இங்கே பெரிய டொக்டராக இருந்திருப்பார்.

மருந்து நின்ற காலத்தில் அவள் கட்டிலோடு கிடந்ததைக் கிருஷ்ணராசா கண்ணால் கண்டவர். சட்டைக்குப் பொத்தான் பூட்டவும் ஆள் வேண்டியிருந்தது. படாத பாடுபட்டு, இந்த டொக்டரின் தயவில் திரும்பத் தொடங்கிய மருந்து இந்தக் கிழமையோடு முடிகிறது. தொடருமா, நிற்குமா என்பது இன்று தெரிந்துவிடும்.



"நேற்று ஓடித்திரிஞ்ச மாதிரி இஞ்சை நடக்கக்கூடாது. காலை இழுத்து இழுத்துப் போம்."

நேற்று, மகள் ஜதுர்ஷிகாவைப் பார்க்க இல்ஃபோர்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அதற்கும் பாடம் நடத்தியவர் இவர்தான்.

"வருத்தம் எண்டு மூச்சும் விடக்கூடாது. பரம்பரை வருத்தமோ எண்டு துருவத் தொடங்கினால் பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு."

சிவமலர் மூச்சு விடவில்லை. வடை சுட்டாள். தட்டை ஏந்திக்கொண்டு வந்து ஒவ்வொருவருக்கும் குனிந்து கொடுத்தாள். மாடியேறி வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கார் வரை போய்ச் சிரித்துக் கையசைத்து அனுப்பினாள். "தாயே இவ்வளவு சுறுசுறுப்பெண்டால் மகளைப் பற்றிச் சொல்லவும் வேணுமோ!" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது கிருஷ்ணராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. மருந்து வேலை செய்கிறது. சிவமலர் பழைய சிவமலர் ஆகிவிட்டாள்.

இன்றைக்கு அதுவே அவருக்குத் தலையிடி.

"நீங்கள் சொல்லுறது ஒண்டும் என்ரை மண்டையிலை நிக்குதில்லையப்பா," என்றாள் அவள்.

"ஆ, அப்பிடித்தான்! இதையே உள்ளுக்கையும் சொல்லும்."

பெயரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் அவளுடைய முழங்காலை அமத்திப் பார்த்தார். பிறகு, கதவு வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார். சிவமலர் கதிரையின் கையைப் பிடித்து எழுந்தாள். மெல்ல நடந்தாள். நல்லாத்தான் செய்கிறாள் என்று கிருஷ்ணராசா நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பாதி வழியில் அவளுடைய கால் மடங்கியது. டொக்டர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

கிருஷ்ணராசாவுக்குத் திக்கென்றது. கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ? டொக்டருக்குச் சந்தேகம் வந்தால் எல்லாம் பாழ்.

இருத்திவைத்துத் தண்ணீர் கொடுத்த டொக்டர், சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். என்ன மாதம்? சொன்னாள். எந்த இடத்தில் வீடு? கோலியர்ஸ் வுட் என்றாள்.

"உங்கள் மகளின் பெயர்?"

சிவமலர் வாயைத் திறந்தாள். மூடினாள். கணவரைப் பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது.

கிருஷ்ணராசா நிலத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோச்சு என்றால் எந்த டொக்டர் நம்புவார்?

இந்த டொக்டர் நம்பினார். பேனையை வைத்துவிட்டுச் சிவமலரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்தை இப்போது நிறுத்தமாட்டேன். மற்ற நிபுணர்களோடும் பேசுகிறேன். உங்களை இப்படியே விட்டுவிட முடியாது."

கிருஷ்ணராசா எழுந்து நின்று நன்றி சொன்னார். கதவடியில் திரும்பி நின்று இன்னொரு தரமும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"எமகாதகி! விழுந்த விழுகை என்ன, பிள்ளையின்ரை பேர் தெரியாமல் முழிச்ச முழி என்ன! ஒரு நிமிசம் நானே நம்பிப்போனன்."

சிவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை பேர் என்ன?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டொக்டர் உள்ளுக்கை இருக்கிறா. இனி நடிக்கத் தேவையில்லை."

"நான் நடிச்சது நேற்றப்பா."