முட்டி யாருடையது

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகுகிறார். என் மனைவி ஷர்புன்னிசாவின் இரண்டு முட்டிகளும் வெள்ளையாகத் தெரிகின்றன. அந்நியர் முன்னால் அவற்றைப் பார்க்கக் கூசி, ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். வெளியே தியாகதுருகம் பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்களின் நோயை ஆண்கள்தான் டாக்டரிடம் சொல்வது வழக்கம். “ராவெல்லாம் தூக்கமே இல்லீங்க, நடக்கவும் முடியல,” என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். “அப்படின்னா ரெண்டு முட்டியையும் மாத்திடலாம்,” என்கிறார் டாக்டர். “பண்ணிடுங்க. வெல கேட்டு வைத்தியம் பாக்கற குடும்பம் இல்ல எங்களுது,” என்கிறேன். பக்கத்தில் அவள் கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். “நான் தூங்காதது இவரு கொறட்டையாலங்க டாக்டர்,” என்கிறாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “மாடிப்படி ஏறும்போது மட்டுந்தான் வலி. கடைக்கெல்லாம் நடந்துதான் போய்க்கினு இருக்கேன். ஆபரேசன் பண்ணாம வுட்டா இன்னா ஆவும்? வேற வழி இருக்குதா? மொத்தமா எவ்ளோ ஆவும்?” “ஷர்பு,” என்கிறேன் அடிக்குரலில். “முட்டி என்னுதுங்க,” என்கிறாள் என்னைப் பார்க்காமலே. டாக்டர் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொள்கிறார். “எப்பலேர்ந்தும்மா வலிக்குது?” என்று கேட்கிறார். பழக்கத்தில் வாயைத் திறக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.